முதலில் நீ யார் என்று கேட்போருக்கு

நம்மிடையே நெடுங்காலமாக ஒரு வினா உலவி வருகிறது. "நீ முதலில் தமிழனா, முதலில் முஸ்லிமா?" என்பதே அவ்வினா. மொழிப்பற்றின் பேரால் சிலர் கேட்கின்றனர். மார்க்கப் பற்றின் பேரால் வேறு சிலர் கேட்கின்றனர். ஒரு சாரார் எதிர்பார்க்கும் விடை மறுசாராருக்கு நஞ்சு. எனினும் இருவரும் ஒரு கருத்தில் உடன்பட்டே இருக்கின்றனர். மனிதன் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் முழுமையாக உரியவனாக இருக்க முடியும் என்றும், அவனுடைய பிற உறவுகளெல்லாம் அக்கூட்டத்தின் வாசலில் செருப்போடு கழற்றி வைக்க வேண்டியவை என்றும் இருவருமே கருதுகின்றனர்.

நாம் இவ்விரு சாராருக்கும் விடையளிக்க வரவில்லை. வினாவையே மறுக்க வந்திருக்கிறோம். இது நழுவல் என்று எவரேனும் எண்ணுவாராயின், பிழையான வினாவுக்கு விடையளிப்பது அதனினும் பெரும்பிழை என்பதை இக்கட்டுரையை இறுதிவரை படித்த பின்னர் அவரே உணர்வார் என்று நம்புகிறோம். மேடையில் கைதட்டலுக்காகக் கேட்கப்படும் இவ்வினா பள்ளிக்கூட வாசலில் ஒரு சிறுவனிடம் கேட்கப்படும்போது என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு விடை சொன்னால் தாயின் தாலாட்டை இழக்கிறான். மறு விடை சொன்னால் தந்தையின் தொழுகையை இழக்கிறான். அவனை அந்த முச்சந்தியில் நிறுத்தும் உரிமையை இவர்களுக்கு யார் வழங்கினர்?

கொக்கிடம் கேட்ட கேள்வி

மத்ரஸாவில் மன்திக் என்னும் அளவை நூலைக் கற்கும் மாணவனுக்கு, இரு பொதுச் சொற்களிடையே நிலவக்கூடிய உறவுகள் நான்கே என்று தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது. இரண்டும் முற்றிலும் ஒன்றாக இருத்தல். இரண்டும் முற்றிலும் விலகி நிற்றல். ஒன்று மற்றதை முழுவதும் உள்ளடக்குதல். ஒருபுறம் கூடி மறுபுறம் பிரிதல். இவற்றுள் முற்றும் விலகி நிற்பதைத் தபாயுன் என்பர். மனிதன், கல் ஆகியவை அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. மனிதனாக இருப்பது கல்லாக இருக்காது. கல்லாக இருப்பது மனிதனாக இருக்காது. ஒருபுறம் கூடி மறுபுறம் பிரிவதை உமூம் குஸூஸ் மின் வஜ்ஹ் என்பர். உயிருள்ளது, வெண்மையானது என்பவை அதற்குச் சான்று. நம் ஊர் வழக்கில் விளக்குவோம்: காகம் உயிருள்ளது, வெண்மையானதன்று. சுண்ணாம்பு வெண்மையானது, உயிருள்ளதன்று. கொக்கோ உயிருள்ளதும் ஆகும், வெண்மையானதும் ஆகும்.

தமிழர், முஸ்லிம் என்னும் இரு சொற்களும் இந்த நான்காம் வகையைச் சேர்ந்தவை. தமிழர்களுள் முஸ்லிமல்லாதார் கோடிக் கணக்கினர். முஸ்லிம்களுள் தமிழறியாதார் கோடிக் கணக்கினர். இரண்டும் கூடுகின்ற இடத்தில் நாம் நிற்கிறோம். வயல் வரப்பில் நிற்கும் கொக்கைப் பார்த்து, "நீ முதலில் உயிருள்ளதா, முதலில் வெள்ளையா?" என்று ஒருவன் கேட்பானாயின் அவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? மனிதனையும் கல்லையும் போல ஒன்றையொன்று விலக்குகின்ற சொற்களுக்கு உரிய வினாவை, ஓர் உடலில் ஒருங்கே வாழும் இரு பண்புகளின்மேல் ஏற்றுவதே இவர்கள் செய்யும் பிழை. முதலாண்டு மாணவன் இப்பிழையைச் செய்தால் ஆசிரியர் திருத்துவார். தலைவர்கள் செய்தால் மாலை போடுகின்றனர்.

கூட்டம் கொடுத்த கொடை

மூன்றாவதாக ஒரு சாராரும் உளர். "எனக்குக் கூட்டமே வேண்டா, நான் வெறும் மனிதன்" என்பர் அவர்கள். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் அந்தச் சொல்லையே அவர்களுக்குக் கொடுத்தது யார்? ஒரு மொழிக் கூட்டம். அதை அஞ்சாமல் சொல்லும் துணிவைக் கொடுத்தது ஒரு குடும்பமோ, ஒரு பள்ளியோ, ஓர் இயக்கமோ ஆகும். மனிதன் தன் பெயரைத் தானே இட்டுக்கொண்டு பிறப்பதில்லை. பிறர் அழைத்து அழைத்தே ஒருவன் தன்னை அறிகிறான்.

நம்மையே எடுத்துக்கொள்வோம். வடநாட்டு முஸ்லிம் நமாஸ் என்பதை நாம் தொழுகை என்கிறோம். அவர் ரோஸா என்பதை நாம் நோன்பு என்கிறோம். அவருக்கு மஸ்ஜித், நமக்குப் பள்ளிவாசல். அவருக்கு ஈத், நமக்குப் பெருநாள். திருமறையை நாம் ஓதுகிறோம். இச்சொற்கள் ஒவ்வொன்றும் தமிழ். படைத்தவன்முன் நெற்றி நிலத்தில் பட நிற்கும் வணக்கத்துக்கே தமிழ்ப் பெயர் சூட்டிய சமுதாயம் இது. கடற்கரை ஊர்களில் தந்தை வாப்பா. உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் அவரே அத்தா. மூத்த சகோதரன் ஓரிடத்தில் காக்கா, வேறிடத்தில் அண்ணன். இவற்றுள் எது மார்க்கம், எது மொழி என்று கத்தி வைத்துப் பிரிக்கப் புகுந்தால் வெட்டுப்படுவது நம் நாக்குத்தான்.

அரபியர் பெயர் வைக்கும் முறையும் இதனையே கூறும். அவர்தம் முழுப்பெயரில் பல உறுப்புகள் உண்டு. இஸ்மு என்பது இட்ட பெயர். குன்யா என்பது இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என மக்களைக் கொண்டு அழைக்கும் பெயர். நஸப் என்பது இன்னாரின் மகன் என முன்னோரைச் சுட்டுவது. லகப் என்பது சிறப்புப் பெயர். நிஸ்பா என்பது ஊரையோ, குலத்தையோ, தொழிலையோ, மத்ஹபையோ சுட்டுவது. ஒரே அறிஞருக்கு இரண்டு மூன்று நிஸ்பாக்கள் வருவது மிக இயல்பு. அவற்றுள் எது முதல் என்று எவரும் வழக்காடியதில்லை. பிலால் (ரலி) அவர்கள் ஹபஷீ என்றும், ஸல்மான் (ரலி) அவர்கள் ஃபார்ஸீ என்றும் இன்றளவும் அழைக்கப்படுகின்றனர். அபிசீனியாவும் பாரசீகமும் அவர்களுடைய பெயரை விட்டு அகற்றப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் அரபு உலகத்தார் படிக்கும் மொழியில் எழுதியபோது, காயல்பட்டினத்தைக் குறிக்கும் காஹிரீ என்னும் நிஸ்பாவைத் தாங்கியே எழுதினார்கள். தம் ஊரை மறைத்துக் கொண்டு மார்க்கத்தில் உயர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை நோக்குக. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள்; 5,027 பாடல்கள். காண்டத்தின் பெயர்கள் அரபு. பாடல்கள் செந்தமிழ் விருத்தம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நாட்டைப் பாட வந்த புலவர், தமிழ்க் காப்பிய மரபுப்படியே மழையையும் ஆற்றையும் வயலையும் பாடிவிட்டே அரபு நாட்டு நகருக்குள் நுழைகிறார். பாலை நிலத்தில் நெல் வயல் ஏது என்று நகைப்போர் உண்டு. அவர்கள் புலவரையும் அறியார், அன்பையும் அறியார். நேசிக்கும் ஒருவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, தன்னிடமுள்ள நல்ல பாயை விரிப்பது தமிழனின் இயல்பு. உமறு விரித்த பாய் அது.

நம் முன்னோர் அத்துடனும் அமையவில்லை. அரபு எழுத்திலேயே தமிழை எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய வடிவங்களைச் சமைத்தனர். அதுவே அரபுத் தமிழ். கீழக்கரை இமாமுல் அரூஸ் (1816-1898) போன்ற பெரியோர் அவ்வெழுத்தில் சட்டமும் ஞானமும் எழுதினர். ஒரே வரியில், ஒரே மைத்துளியில், இரண்டு உடைமைகள். முதலில் எது என்று அந்த மையைக் கேளுங்கள்.

வேலி எவ்வாறு எழுகிறது?

இங்கு நாம் ஒருபக்கமே பேசிச் செல்லுதல் நேர்மையாகாது. கூட்டம் மனிதனுக்கு முகம் தருகிறது. அம்முகத்தைச் சுற்றி வேலியும் எழுப்புகிறது. ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் உளவியல் அறிஞர் இதனைச் சோதித்துக் காட்டினார். அவர் 1919இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். போர் முடிந்து வெளிவந்தபோது அவருடைய உற்றார் பெரும்பாலும் கொல்லப்பட்டுவிட்டிருந்தனர். பிற்காலத்தில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பேராசிரியராக இருந்த அவர், 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர் சிலரை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவினர் கிளே என்னும் ஓவியரை விரும்புவோர், மறு குழுவினர் காண்டின்ஸ்கி என்னும் ஓவியரை விரும்புவோர் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அப்பிரிவினை வெறும் சீட்டுக் குலுக்கல் போன்றதே. தம் குழுவில் யார் யார் உளர் என்பதுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. இந்நிலையில், முகமறியாத இருவருக்குப் பணம் பகிர்ந்தளிக்கும் வேலை அவர்களிடம் கொடுக்கப்பட்டது.

என்ன நிகழ்ந்தது? பெரும்பாலோர் தம் குழுவினனுக்கு மிகுதியாகக் கொடுத்தனர். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. தம் குழு பெறும் தொகை குறைந்தாலும், மறுகுழுவைவிட நாம் மேலே இருத்தல் வேண்டும் என்பதையே பலர் தேர்ந்தனர். இம்முடிவுகள் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மொழியில்லை, மதமில்லை, குருதியில்லை, பழம்பகையில்லை. "நீ இந்தக் குழு" என்ற ஒரு சொல் மட்டுமே போதுமானதாயிற்று. அவ்வாறாயின் மொழியும் மதமும் குருதியும் பழம்பகையும் ஒருங்கே கூடிய இடத்தில், "முதலில் நீ யார்?" என்று கேட்டு வேலி போடுவோர் எத்தகைய நெருப்போடு விளையாடுகின்றனர்?

அந்நெருப்பு எரித்த இரு நாடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றில், மார்க்கம் போதும், மொழியைக் கழற்று என்றனர். மற்றொன்றில், மொழி போதும், மார்க்கத்தைக் கழற்று என்றனர்.

முதலாவது வங்கம். 1947இல் பாகிஸ்தான் பிறந்தபோது அதன் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் வங்காளி பேசியவர்கள். 1948 மார்ச்சில் முகம்மது அலி ஜின்னா டாக்காவில் நின்று, உருது ஒன்றே அரசு மொழி என்றார். ஒரே கிப்லாவை நோக்குவோர்க்கு மொழி ஒரு பொருட்டா என்று கருதினர் போலும். 1952 பிப்ரவரி 21ஆம் நாள் டாக்காவில் தம் தாய்மொழிக்காகத் திரண்ட மாணவர்மீது காவலர் சுட்டனர், உயிர்கள் வீழ்ந்தன. 1956ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வங்காளிக்கும் இடமளித்தது. ஆயினும் விரிசல் மூடவில்லை. 1971இல் கொடும்போர் நடந்து வங்கதேசம் தனி நாடாயிற்று. அப்போரில் கொன்றவர் நாவிலும் கலிமா இருந்தது, கொல்லப்பட்டவருள் மிகப் பலருடைய நாவிலும் அதே கலிமா இருந்தது. பின்னர் நடந்ததையும் மறைத்தலாகாது. மொழியால் துன்புற்ற நாட்டிலேயே உருது பேசும் பீஹாரி முஸ்லிம்கள் முகாம்களில் அடைபட்டு, எந்நாட்டினரும் அல்லாதவராய்ப் பல்லாண்டு கிடந்தனர். அவர்களுடைய குடியுரிமையை டாக்கா உயர்நீதிமன்றம் தெளிவாக உறுதி செய்தது 2008இல்தான்.

இரண்டாவது நம் அண்டை நாடாகிய இலங்கை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டுமா என்ற வழக்கு நிலவிய காலம் அது. மறு ஆண்டே அவ்விடம் வழங்கப்பட்டது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் வெளியிட்டார். சோனகர் அரபு வழித்தோன்றல்கள், தமிழ் அவர்கள் மேற்கொண்ட மொழி என்பது அவர் வாதம். இருவரும் கற்றவர்கள். இருவரும் ஒரே பிழை செய்தனர் என்பது நம் துணிபு. ஒருவர் மொழியைக் காட்டி ஒரு சமுதாயத்தைத் தமக்குள் கரைக்கப் பார்த்தார். மற்றவர் கரையாதிருத்தற்பொருட்டு மொழியையே வெளியே நிறுத்தினார். ஆட்சி மன்றத்தின் ஒரு நாற்காலிக்காகத் தொடங்கிய அவ்வழக்கு, நூற்றாண்டு கழிந்து எங்குச் சென்று முடிந்தது? 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். துப்பாக்கி ஏந்தியவன் கட்டளையிட்டதும் தமிழில்; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் அழுததும் தமிழில்.

நீதி கூறப் புகுந்தவன் முழுவதையும் கூறுதல் வேண்டும். அக்காலத்தில் கிழக்கே தமிழ்க் கிராமத்தார் கொல்லப்பட்டபோது, அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலருக்கும் பங்கிருந்தது. தன் கூட்டத்தை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, ஆகாது என்றும், தன் கூட்டத்தார் அநீதி செய்கையில் அவர்களுக்குத் துணை நிற்பதே அஸபிய்யத் என்றும் விளக்கியதாக ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். காத்தான்குடிக்காக மட்டும் அழுது, பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்காக அழ மறுக்கும் கண்ணும், அக்கிராமத்துக்காக அழுது காத்தான்குடியைக் காண மறுக்கும் கண்ணும் ஒரே நோய் கொண்டவை.

நம் வீட்டுக் கொல்லை

ஊராரின் வேலியைக் குறை கூறும் நாம் நம் வீட்டுக் கொல்லையையும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை மிம்பரில் சமத்துவம் முழங்கும். அரபியன் அரபியல்லாதவனைவிட உயர்ந்தவனல்லன், இறையச்சத்தால் அன்றி உயர்வில்லை என்ற இறுதி ஹஜ்ஜுப் பேருரையின் கருத்தைக் கேட்டுக் கண் கலங்குவோம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவரிடம் மெல்லிய குரலில் வினவுவோம்: "நீங்க ராவுத்தரா, மரைக்காயரா, லெப்பையா?" குதிரையோடு தொடர்புடைய பெயர் ராவுத்தர் என்பர், மரக்கலத்தோடு தொடர்புடைய பெயர் மரைக்காயர் என்பர். குதிரைப்படையும் போயிற்று, பாய்மரக் கப்பலும் போயிற்று. பெயர் மட்டும் திருமணச் சந்தையில் இன்னும் விலை போகிறது. கடற்கரையில் ஷாஃபி, உள்நாட்டில் ஹனஃபி என்னும் மத்ஹப் வேறுபாடும் இதற்குத் துணைக்கு இழுக்கப்படுகிறது. தொழுகையில் கையை எங்குக் கட்டுவது என்பதற்காக வந்த கருத்து வேறுபாட்டைக் கொண்டு, பெண்ணின் கழுத்தில் கருகமணி ஏறக்கூடாது என்று தீர்ப்புக் கூறிய இமாம் யார்? எவருமிலர்.

இப்பெயர்களையே அழித்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அதன் பட்டியல் அன்ஸார், தக்கனி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், ஸையத் என்று குழுப் பெயர்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. ராவுத்தரும் மரைக்காயரும் அதில் லெப்பையுள் அடக்கம். பின்தங்கியோரை அடையாளம் கண்டு கைகொடுக்கப் பெயர் பயன்படுமாயின் அது நல்ல பயன். சான்றிதழில் ஒரே வரியில் அடங்கி நின்று சலுகை பெறும் மூவரும், நிக்காஹ் மேடையில் மூன்று வரியாகப் பிரிவதுதான் நமக்கு விளங்கவில்லை.

ஒரே பெயர் நன்மையும் ஆகலாம், தீமையும் ஆகலாம் என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி சான்று. படை சென்ற இடத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பூசல் எழுந்தது. ஒருவர் முஹாஜிர்களே வாரீர் என்றார். மற்றவர் அன்ஸாரிகளே வாரீர் என்றார். நபியவர்கள் வெளிப்பட்டு, இது அறியாமைக் காலத்துக் கூவல், நாற்றமெடுத்த இதனை விட்டொழியுங்கள் என்று கடிந்தார்கள். எண்ணிப் பாருங்கள். முஹாஜிர், அன்ஸார் ஆகிய இரண்டும் திருமறையே போற்றிய பெயர்கள். துறந்து வந்தவர், துணை நின்றவர் என்று ஒருவர் மற்றவரை அறியப் பயன்பட்டபோது அவை நறுமணம் கமழ்ந்தன. ஆள் சேர்க்கும் கூவலாக மாறிய அந்தக் கணமே நாற்றமெடுத்தன. மாறியது பெயரன்று, பெயரை எடுத்த நோக்கம்.

குலப்பெருமை பேசுவோர் இப்னு கல்தூனையும் சற்றுப் படித்தல் நலம். 1377இல் முகத்திமாவை எழுதிய அவர், அஸபிய்யத் என்னும் கூட்டுணர்வே அரசுகளை எழுப்புவதும் வீழ்த்துவதும் என்று ஆராய்ந்தவர். குலத்தொடர்பின் வலிமையை அவரளவு உணர்ந்தவர் எவர்? அவரே, வம்சம் என்பது எண்ணத்தால் நிற்பதே என்றும், அதன் பயன் மனிதரை ஒருவரோடொருவர் இணைப்பதில் மட்டுமே உண்டு என்றும் கருத்துரைத்தார். இணைப்பதற்கு உதவாத குலப்பெருமை அவர் கணக்கில் வெற்றெண்ணமே.

தடைகளும் விடைகளும்

இங்கு இரு தடைகள் எழுப்பப்படும் என்பதை அறிவோம். "மார்க்கம் அனைத்துக்கும் மேலானதன்றோ? அப்படியானால் அதுவே முதல் என்று சொல்லத் தயக்கம் ஏன்?" என்பார் நம் ஆலிம்களுள் சிலர். அவர்களுக்குப் பணிவுடன் கூறுகிறோம்: தராசையும் தராசில் வைக்கும் பொருளையும் ஒன்றாக எண்ணாதீர்கள். மார்க்கம் நம் செயல்களை நிறுக்கும் தராசு. மொழி, ஊர், குலம், ஏன், முஸ்லிம் சமுதாயம் என்னும் நம் கூட்டமும்கூட, அதில் நிறுக்கப்பட வேண்டியவையே. கூட்டத்துக்காகச் செய்த அநீதி, முஸ்லிம் கூட்டத்துக்காகச் செய்யப்பட்டதால் நீதியாகிவிடாது. மார்க்கம் ஏனைய உறவுகளை அழிக்க வந்ததன்று என்பதற்கு மதீனா உடன்படிக்கையே சான்று. பனூ அவ்ஃப், பனூ ஸாஇதா, பனூ நஜ்ஜார் என ஒவ்வொரு குலமும் பெயர் சுட்டப்பெற்று, இழப்பீட்டில் அதனதன் பழைய வழக்கத்திலேயே நிற்க அங்கு இசைவளிக்கப்பட்டது. பனூ அவ்ஃபின் யூதரும் அவ்வுடன்படிக்கையில் முஃமின்களோடு சேர்த்தே எண்ணப்பட்டனர்.

"மொழி இம்மண்ணில் விளைந்தது, உங்கள் மதம் வெளியிலிருந்து வந்தது, மண்ணே முதல்" என்பார் மறுசாரார். அவர்களிடமும் கேட்கிறோம்: மணிமேகலை பௌத்தக் காப்பியம், சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். அவ்விரு நெறிகளும் வடக்கே பிறந்து இங்கு வந்தவைதாமே? சாத்தனாரையும் திருத்தக்கதேவரையும் நிறுத்தி, முதலில் யார் என்று கேட்டதுண்டா? இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரின் தேம்பாவணியைத் தமிழ் என்று ஏற்ற நீங்கள், இம்மண்ணில் பல தலைமுறையாகக் கிடந்து மக்கிய எலும்புகளின் பேரர்களிடம் மட்டும் கடவுச்சீட்டுக் கேட்பது எந்த நீதி?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மனிதரைப் பல இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியதன் காரணத்தைக் கூறுகிறது. ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதே அக்காரணம். அங்கு வந்துள்ள தஆருஃப் என்னும் வினை, ஸர்ஃப் இலக்கணத்தில் தஃபாஉல் என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தது. இருபாலாரும் ஒருவர்க்கொருவர் செய்யும் செயலுக்கே அவ்வாய்பாடு பெரிதும் வரும். நான் உன்னை அறிவேன், நீ என்னை அறிய வேண்டா என்பதற்கு அங்கு இடமில்லை. நன்மையைக் குறிக்கும் மஅரூஃப் என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து முளைத்தது. அதற்கு இரு வசனங்கள் முன்னரே, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளி நகையாடலாகாது என்றும், பட்டப் பெயர் சூட்டி இழித்தலாகாது என்றும் தடை வந்திருப்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

அரபி இலக்கணம் பெருஞ்செல்வம் உடையது. முன்னிலைக்கும் படர்க்கைக்கும் இருமைகூட அதில் உண்டு. ஆயினும் தன்மைப் பன்மைக்கு நஹ்னு என்னும் ஒரே சொல்தான். தமிழிலோ இரண்டு உண்டு: நாம், நாங்கள். கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது நாம். கேட்பவனை வெளியே நிறுத்துவது நாங்கள். முன்னிலையாரை உளப்படுத்துவது ஒன்று, படர்க்கையாரை உளப்படுத்துவது ஒன்று என இலக்கண நூலார் விகுதிகளையே பகுத்து வைத்தனர். வாயைத் திறக்கும்போதே, எதிரில் நிற்பவனை உள்ளே அழைக்கிறாயா, வெளியே விடுகிறாயா என்று முடிவுசெய்யும்படி பணிக்கும் மொழி நம்முடையது. இரண்டு சொல்லும் நமக்கு வேண்டியவையே. "நாங்கள் நோன்பு வைத்திருக்கிறோம்" என்று அண்டை வீட்டாரிடம் சொல்வதில் பகையில்லை. "நாம் சேர்ந்து கஞ்சி குடிப்போம்" என்று மாலையில் அவரையே அழைக்க முடியாதபோதுதான் அந்த "நாங்கள்" நோயாகிறது.

ஆகவே வாசக நண்பர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மத்ரஸா நிருவாகிகள் தம் பாடத்திட்டத்தில் சீறாப்புராணத்துக்கும் அரபுத் தமிழ் ஏடுகளுக்கும் வாரத்தில் ஒரு நேரமேனும் ஒதுக்கட்டும். மௌலவிப் பட்டம் பெறும் மாணவன் தன் பாட்டனார் எழுதியதைப் படிக்கத் தெரியாமல் வெளியேறுதல் நாணத்தக்கது. தமிழ் மன்றத்தார் தம் இலக்கிய விழாவில் உமறுவுக்கும் குணங்குடியாருக்கும் "இஸ்லாமிய இலக்கியம்" என்ற தனி மூலையை ஒதுக்குவதை விடுத்து, ஏனைய புலவரோடு நடுக்கூடத்தில் அமர்த்தட்டும். திருமணம் பேசப் போகும் பெற்றோர், பிள்ளையின் ஒழுக்கத்தையும் கல்வியையும் உழைப்பையும் கேட்டறிந்து, குதிரையையும் மரக்கலத்தையும் கேளாது திரும்பட்டும்.

இனி உங்கள் பிள்ளையிடம் எவரேனும் அந்தப் பழைய வினாவைக் கேட்டால், விடை தேடித் தலை குனிய வேண்டா என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். "ஐயா, என்னை ஏன் வரிசையில் நிறுத்துகிறீர்கள்? யாரை வெளியே அனுப்ப எண்ணுகிறீர்கள்?" என்று அவன் மரியாதையோடு திருப்பிக் கேட்கட்டும்.